மோர் கேட்டுப் போன வழி

சென்ற வைகாசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிறு பெட்டியைத் தேடி நாங்கள் நால்வர் புனேயிலிருந்து கிழக்கே சென்றோம். பெட்டி அகப்படவில்லை. அதற்குக் காரணம் யார் என்பதைக் கடைசியில் சொல்லுகிறேன். இப்பொழுதே சொன்னால் என் மகளுக்கு இன்னும் ஒரு முறை சிரிக்க வாய்ப்புக் கிடைத்துவிடும்.

புனேயில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் விடுமுறை நாளில் பெரும்பாலும் மேற்கு நோக்கியே செல்வது வழக்கம். லோணாவளா, சிம்மகட், மகாபலேசுவரம் என்று மலையும் மழையும் பசுமையும் உள்ள இடங்களையே நம்மவர் நாடுகின்றனர். நானும் 17 ஆண்டுகள் அப்படியே செய்து வந்தேன். கிழக்கே என்ன இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், சோலாப்பூர் சாலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

கிழக்கே பாலை இருக்கிறது. பாலை என்றதும் இராசபுதனத்து மணற்குன்றுகளை அன்பர்கள் நினைக்க வேண்டாம். நம் முன்னோர் பாலைக்கென்று தனியே ஒரு நிலம் வகுத்துக் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்லுகிறது. அந்தக் கணக்கின்படி பார்த்தால், புனேயின் கிழக்குப் புறம் வைகாசியில் முழுப் பாலை. காரணமும் எளியதே. அரபிக் கடலிலிருந்து வரும் மேகம் சகியாத்திரி மலையில் முட்டித் தன் சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து 65 கிலோமீட்டர் வந்து புனேயை அடைவதற்குள் அது 700 அளவுக்கு இறங்கிவிடுகிறது. இன்னும் 70 கிலோமீட்டர் கிழக்கே சென்றால் 500 மில்லிமீட்டர் பெய்வதே அரிது. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று திணைகளைப் பார்த்துவிடலாம்.

இந்தப் பாலைக்கு எங்களை இழுத்துச் சென்றது என் மகளின் விளையாட்டு. அவள் 9ஆம் வகுப்பு மாணவி. ஜியோகேச்சிங் என்று அதற்குப் பெயர். ஒருவர் ஒரு சிறு பெட்டியில் ஒரு குறிப்பேடும் சில அற்பப் பொருள்களும் இட்டு, ஊருக்கு வெளியே ஓரிடத்தில் மறைத்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எல்லாரும் அறிய வெளியிடுவார். மற்றவர்கள் அந்த எண்களைக் கொண்டு தேடிச் சென்று, பெட்டியைக் கண்டால் குறிப்பேட்டில் பெயரெழுதி, ஒரு பொருளை எடுத்துக் கொண்டு, அதற்கு ஈடாக ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு ஒன்றும் இல்லை.

விண்ணில் சுற்றும் கோள்களைக் கொண்டு இடம் அறியும் ஜி.பி.எஸ். ஏற்பாட்டை அமெரிக்கர் இராணுவத்துக்காக அமைத்தனர். பொதுமக்களுக்குக் கிடைக்கும் குறிப்பில் நூறு மீட்டர் வரை பிழை இருக்கும்படி அவர்களே வேண்டுமென்று கலக்கி வைத்திருந்தனர். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அந்தக் கலக்கத்தை நீக்கினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை வைத்து அதன் எண்களை வெளியிட்டார். அதுதான் இவ்விளையாட்டின் பிறப்பு. எண்ணைக் கொண்டு நிலத்தைப் பிடிக்கும் வித்தை நமக்குப் புதியதன்று. 1802ஆம் ஆண்டு லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது, முதல் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தது நம் பரங்கிமலையின் அடியில்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அளந்து கொண்டே வடக்கே வந்த அவர், 1823இல் இந்த மகாராட்டிரத்து ஹிங்கண்காட்டிலே உயிர் நீத்தார். சென்னையில் புறப்பட்டு மராட்டிய மண்ணில் தங்கிவிட்டவர்களில் அவரும் ஒருவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நால்வர் என்றேன் அல்லவா? நான்காமவர் என் தந்தையார். வயது 76. கமுதிக்கு அருகே வானம் பார்த்த பூமியில் பயிர் செய்தவர். தை மாதத்தில் என் தாயார் இறந்தபின், தனியே இருக்க வேண்டாம் என்று அவரைச் சிஞ்ச்வடில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எங்கள் வீடு ஆறாம் மாடியில் இருக்கிறது. பலகணி அருகே ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். கேட்டதற்கு, "ஆம்", "வேண்டாம்" என்பதற்கு மேல் மூன்றாவது சொல் வருவது அருமை. ஆடி கழிந்ததும் ஊருக்குப் பயணச்சீட்டு வாங்கிவிடு என்பது மட்டும் மாதம் ஒரு முறை சொல்லும் நீண்ட வாக்கியம். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு நாற்காலி இருக்கக்கூடும். ஆகையால் இதை விரித்து எழுத வேண்டியதில்லை. அன்று அவர் எங்களோடு வந்ததற்குக் காரணம், அவரை வீட்டில் தனியே விட்டுச் செல்ல முடியாது என்பதுதான். பெட்டியில் அவருக்கு ஆர்வம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டோம். புளியோதரையும் தயிர்ச்சாதமும் ஆறு புட்டி நீரும் வண்டியில் ஏறின. தந்தையாருக்கு முற்பகலில் மோர் வேண்டும். உப்பும் பெருங்காயமும் இட்டு என் மனைவி கரைத்து வைத்திருந்த மோர்ப் புட்டி மட்டும் சமையலறை மேடையிலேயே நின்றுவிட்டது. அதை எடுத்து வைக்க வேண்டியவர் யார் என்பது பற்றி எங்கள் வீட்டில் இன்றளவும் இரண்டு கருத்துகள் உண்டு.

ஹடப்சரைத் தாண்டிச் சோலாப்பூர் சாலையில் சென்றால், முதலில் பாலை தெரியாது. இருபுறமும் கரும்பு. கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தின் கால்வாய் செய்யும் வேலை அது. காந்தியடிகள் 1946இல் இயற்கை மருத்துவ நிலையம் தொடங்கிய உருளி காஞ்சன் இவ்வழியில்தான் இருக்கிறது. யவத் ஊரைக் கடந்து சௌபுலாவில் தெற்கே திரும்பினோம். கால்வாயின் எல்லை முடிந்ததும் கரும்பும் முடிந்தது. திரை விலக்கினாற்போல் நிலம் மாறிவிட்டது. எங்கு நோக்கினும் கருங்கல் சிதறிய வெளிறிய புல்வெளி. இடையிடையே வேல மரங்கள். மராத்தியர் இந்த நிலத்தை மாள்ரான் என்கிறார்கள். பின்னிருக்கையில் கண்மூடியிருந்த தந்தையார் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

சுபே பழைய ஊர். சிவாஜியின் தந்தை சாகாஜிக்கு ஜாகீராக இருந்தவை புனேயும் சுபேயும். தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜியும் அந்தச் சாகாஜியின் மைந்தரே. ஆகவே 1855 வரை தஞ்சையில் கொலுவிருந்த குடும்பத்தின் சொந்தக் காட்டில்தான் நாம் நிற்கிறோம். ஊருக்கு அருகே மயூரேசுவர் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. 1997இல் ஏற்பட்டது; பரப்பு 5 சதுர கிலோமீட்டருக்குச் சிறிது கூடுதல். சரணாலயம் என்றால் பெருங்காடு என்று எண்ணிச் சென்றால் ஏமாற்றமே. புல்லும் முள்ளும்தான் உண்டு. ஆனால் அந்தப் புல்லை நம்பிச் சிங்காரா என்னும் சிறுமான் வாழ்கிறது. நீர் இல்லாமலே பல நாள் தாங்கும். தின்னும் இலையிலிருந்தே ஈரத்தை எடுத்துக் கொள்ளும். காலை இளவெயிலில் மூன்று சிங்காராக்களைக் கண்டோம். மண் நிறத்து மேனி, வளைந்த கொம்பு. நின்று பார்த்துவிட்டு, எங்களால் பயனில்லை என்று முடிவு செய்தாற்போல் மெல்ல நடந்து போயின. சிங்காரா என்பது பொருத்தமான பெயர்தான் என்றாள் என் மனைவி.

பெட்டி சரணாலயத்துக்குள் இல்லை. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மேய்ச்சல் மேட்டில், தனித்து நிற்கும் ஒரு ஹிவர் மரத்தடியில் கற்குவியலுக்குள் இருப்பதாகக் குறிப்புச் சொல்லிற்று. மண்பாதை முடியும் இடத்தில் ஒரு வேப்பமரம் நின்றது. வண்டியை அங்கே நிறுத்தி, நிழலில் மடக்கு நாற்காலியை விரித்துத் தந்தையாரை அமர்த்தினோம்.

"பத்து நிமிடத்தில் வந்துவிடுவோம்" என்றேன்.

"சரி" என்றார்.

கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிடும் என்று அஞ்சி, எண்களை முதல் நாள் இரவே ஒரு தாளில் நான் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து மகள் கைப்பேசியில் பதிந்தாள். அது காட்டிய இடத்தில் உண்மையாகவே ஒரு மரம் நின்றது. அடியில் கற்களும் கிடந்தன. ஒவ்வொரு கல்லாகப் புரட்டினோம். ஒரு கல்லின் அடியில் தேள் ஒன்று இருந்தது. பெட்டி இல்லை. அடுத்த மரத்தில் பார்ப்போம் என்றாள் மகள். அதற்கடுத்ததில் பார்ப்போம் என்றேன் நான். தேடுகிற ஆசைக்கு வெயில் தெரிவதில்லை. என் மனைவிதான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மாமாவை விட்டுவிட்டு வந்து ஒரு மணிக்கு மேல் ஆயிற்று" என்றாள்.

திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

முதலில் பக்கத்தில்தான் எங்கோ இருப்பார் என்று நினைத்தோம். வண்டிக்குப் பின்புறம் பார்த்தோம். கூப்பிட்டோம். மறுமொழி இல்லை. நீர்ப்புட்டி பாதி குறைந்து நாற்காலியின் கீழ் இருந்தது. துண்டைக் காணவில்லை. அவர் கைப்பேசி வைத்துக் கொள்வதில்லை. மராத்தியில் ஒரு சொல் அறியார், இந்தியும் தெரியாது. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர். வேளை தவறினால் தலை சுற்றும். மணி 11. வெயில் தரையிலிருந்து எழும்பிக் கண்ணை மறைத்தது. கல் தரையில் காலடித் தடம் ஏது? ஆட்டுக் குளம்புகளின் தடம் மட்டும் நாலா திசையிலும் சென்றது.

பெட்டி அந்தக் கணமே எங்கள் மனத்தை விட்டு அகன்றது. என் மகள் சற்றும் கலங்காமல் வண்டி நின்ற இடத்தைக் கைப்பேசியில் குறித்துக் கொண்டு, "நாமும் வழி தவறக்கூடாது, அம்மா இங்கே இருக்கட்டும், நாம் இருவரும் சுற்றிச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கிக் கொண்டே போவோம்" என்றாள். அப்படியே செய்தோம். நான் தாத்தா நடந்திருக்கக்கூடிய தூரத்தைக் கணக்கிட முயன்றேன், கணக்கு வரவில்லை. நிற்கிற மரத்துக்கு எண் உண்டு. நடக்கிற மனிதருக்கு ஏது? தாயார் இறந்தபின் அவர் ஒருநாள், "கண் காணாத இடத்துக்கு நடந்து போய்விடலாம் போல் இருக்கிறது" என்று சொன்னது அப்போது என் நினைவுக்கு வந்தது. மகளிடம் அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றில் ஒரு பெண்மணியைக் கண்டோம். கொசுவம் வைத்துக் கட்டிய பச்சைப் புடவை. ஒரு குதிரைக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக் கொண்டு நின்றாள். வெள்ளை வேட்டி உடுத்த முதியவர் ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பாபாவா? மோர் பாஹாய்லா கேலே" என்றாள். மோர் பார்க்கப் போனார் என்பது பொருள்.

எனக்கு விளங்கியது வேறு. அந்தப் பகுதியில் மோர்காவ் என்னும் ஊர் இருக்கிறது. சுபேயிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். இந்த வெயிலில் மோர்காவுக்கு நடந்தா புறப்பட்டுவிட்டார்! என் கால்கள் தளர்ந்தன. அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேட்டுக்கு அப்பால் ஒரு வேலந்தோப்பைக் கையால் காட்டினாள்.

தோப்பில் சுமார் இருநூறு ஆடுகள் நிழலுக்கு ஒண்டி நின்றன. கரிய கம்பளி ஒன்றை விரித்து, அதன்மேல் சம்மணமிட்டு என் தந்தையார் அமர்ந்திருந்தார். மடியில் ஓர் ஆட்டுக்குட்டி. அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக் கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய செம்பு. எதிரே சிவப்புத் தலைப்பாகை அணிந்த ஒரு கிழவரும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தனர்.

"வாருங்கள், மோர் குடியுங்கள்" என்றார் தந்தையார், தம் வீட்டுத் திண்ணையில் இருப்பவர் போல.

நடந்தது இதுதான். நாங்கள் வரவில்லை, நாவோ வறண்டது. தொலைவில் ஆடுகள் தெரிந்தன. ஆடு இருந்தால் ஆள் இருப்பான், ஆள் இருந்தால் மோர் இருக்கும் என்று அவர் நடந்திருக்கிறார். எதிர்ப்பட்ட சிறுவனிடம், "மோர்" என்று கேட்டிருக்கிறார். மராத்தியில் மோர் என்றால் மயில். நம்முடைய மோருக்கு அவர்கள் தாக் என்பார்கள். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் மயில் பார்க்கத்தானே வருவார்கள்? சிறுவன் மரியாதையாக அவர் கையைப் பிடித்து, மேட்டைத் தாண்டிக் குட்டைக் கரைக்கு அழைத்துச் சென்று, "அதோ மோர்" என்று காட்டியிருக்கிறான். ஐந்தாறு மயில்கள் அங்கே நின்றனவாம். மயிலை நன்றாகப் பார்த்துவிட்டுத் தந்தையார் மறுபடியும் மோர் என்று கேட்டிருக்கிறார். சிறுவன் இன்னும் கொஞ்ச தூரம் அழைத்துச் சென்று இன்னும் இரண்டு மயில்களைக் காட்டியிருக்கிறான். பிறகு தந்தையார் இரண்டு கைகளாலும் மத்துக் கடைவது போலக் கடைந்து காட்டினாராம். அப்பொழுதுதான் அந்தக் கிழவருக்கு விளங்கி, இருமல் வரும்வரை சிரித்தாராம். இதைச் சொல்லும்போது மறுபடியும் சிரித்தார். தந்தையாரும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் ஐந்து மாதங்களாகப் பார்க்கவில்லை.

அவர்கள் தங்கர் வகுப்பினர், ஆட்டிடையர். மழைக்காலம் முடிந்து தீபாவளி கழிந்ததும் மந்தையோடு சகியாத்திரியைக் கடந்து கொங்கண நாட்டுக்குப் போவார்கள். அங்கே நெல் அறுத்த வயல்களில் இரவில் ஆடுகளை மடக்கி வைப்பார்கள். வயலுக்கு எரு, இவர்களுக்குக் கூலியாக அரிசியும் பணமும். கொங்கணத்தில் பெருமழை இறங்குமுன் மலையேறி இந்த வறண்ட பக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கம்பளி ஆட்டுக்குக் கொங்கண மழை ஆகாது. குதிரைமேல் பாத்திரம் பண்டம், கோழி, குழந்தை எல்லாம் ஏறும், மற்றவர்கள் நடை. இவர்கள் திரும்பி வந்து எட்டு நாள்கள்தாம் ஆகியிருந்தன.

"இது கிடை" என்றார் தந்தையார். "நம் ஊரில் கீதாரிகள் வைப்பது போலத்தான். ஒரு இரவுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேள்."

கேட்டேன். என் மராத்தி அலுவலக மராத்தி. அதில் கோப்பும் கூட்டமும் விடுப்பும் உண்டு; ஆட்டைப் பற்றிய சொல் ஒன்றுகூட இல்லை. எனினும் அவர்கள் இருவரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. கையாலும் கோலாலும் மண்ணில் கோடு இழுத்தும் பேசிக் கொண்டார்கள். இந்த வெயிலில் ஆட்டுக்குக் கம்பளி ஏன் என்பது தந்தையாரின் ஐயம். நம் இராமநாதபுரத்து ஆடுகளுக்குக் கம்பளி கிடையாது, மெல்லிய மயிர்தான். இது தக்காணத்து ஆடு. கரிய முரட்டுக் கம்பளி தருவது. அதில் நெய்த கோங்கடியைத்தான் அவர் அப்போது விரித்து அமர்ந்திருந்தார். எங்கள் ஹிவர் மரத்தையும் அவர் அடையாளம் சொன்னார். "வெள்வேல் அல்லவா இது? இதன் நெற்றை ஆடு விரும்பித் தின்னுமே" என்றார். கிழவர் தம் நீண்ட கோலால் ஒரு கிளையை உலுக்கிக் காட்டினார். ஆடுகள் ஓடி வந்தன.

பிறகு தந்தையார் தம் புஞ்சையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஆவணிக்கு முன் கிடை போட்டால் அவ்வாண்டு கம்பு எப்படி விளையும் என்பது. கீதாரிகள் இரவில் வந்து இறங்கும்போது கேட்கும் ஓசை. உரமூட்டை வந்தபின் அவர்களை யாரும் கூப்பிடாமற்போனது. இப்போது சிலர் மறுபடி கூப்பிடுவது. நான் இயன்ற வரையில் பெயர்த்துச் சொன்னேன். கிழவர் இங்கும் அதே கதைதான் என்று தலையசைத்தார்.

"கிடைக்காரர்கள் வந்தால் இவன் அம்மா விடியுமுன் எழுந்து கூழ் காய்ச்சிவிடுவாள். மோர் ஒரு பானை. அவர்களுடைய குழந்தைகள் குடித்த பிறகுதான் எங்களுக்கு" என்றார்.

தாயார் இறந்த பின்பு அவரைப் பற்றித் தந்தையார் பேசியது அதுவே முதல் தடவை. என்னிடம் பேசவில்லை, தங்கர் கிழவரிடம் பேசினார். நான் அதை மராத்தியில் சொல்ல வேண்டியிருந்தது. இவருடைய மனைவி என்று சொல்லத் தொடங்கி, என் தாயார் என்று மாற்றிச் சொன்னேன். கிழவர் என்னைப் பார்த்தார். பின் தந்தையாரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் செம்பை எடுத்து அவருக்கு மறுபடி மோர் ஊற்றினார்.

மகள் ஓடிப்போய் என் மனைவியை அழைத்து வந்தாள். எங்கள் புளியோதரையும் அவர்களுடைய கம்பு ரொட்டியும் மிளகாய்த் துவையலும் கலந்து உண்டோம். புளியோதரை அந்தச் சிறுவனுக்குப் பிடிக்கவில்லை. முகம் சுளிக்காமல் தின்று முடித்தான். பெட்டிக்குள் வைப்பதற்காக மகள் ஒரு சிறிய தஞ்சாவூர்ப் பொம்மை கொண்டுவந்திருந்தாள். அதைச் சிறுவனிடம் கொடுத்தாள். அவன் அதை எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து நிற்பதைக் கண்டு வியந்தான். பதிலுக்கு ஒரு கைப்பிடிக் கருங்கம்பளி கொடுத்தான். விளையாட்டின் சட்டப்படி கணக்குச் சரியாகிவிட்டது என்றாள் மகள்.

விடைபெறும்போது, எந்த வழியாகப் போகிறீர்கள் என்று கிழவர் கேட்டார். மோர்காவ் வழி நல்லது என்றார். அந்தச் சொல் தந்தையார் காதில் விழுந்துவிட்டது.

"மோர்காவ் என்றால் மயிலூர்தானே? அங்கே முருகனா?"

"இல்லை, பிள்ளையார்."

"மயில் எப்படிப் பிள்ளையாருக்கு?" என்றார். அதைத் தெரிந்து கொள்ளாமல் வீடு திரும்ப அவர் இசையமாட்டார் என்பது தெளிவாயிற்று. மறுபடி பெட்டியைத் தேடலாமா என்று நான் கேட்டபோது, "அது எங்கே போகப் போகிறது?" என்று மகளே சொல்லிவிட்டாள். வண்டியை மோர்காவுக்குத் திருப்பினேன்.

மகாராட்டிரத்தார் யாத்திரை செய்யும் எட்டு விநாயகர் தலங்களில் மோர்காவ் முதன்மையானது. கர்ஹா ஆற்றங்கரையில் இருக்கிறது. கோயிலைச் சுற்றி உயர்ந்த கல்மதில். நான்கு மூலையிலும் நான்கு ஸ்தூபிகள். தொலைவிலிருந்து பார்த்தால் கோட்டை போலவும் பள்ளிவாசல் போலவும் தோன்றும். உள்ளே செந்தூரம் அப்பிய மயூரேசுவரர். கண்ணிலும் கொப்பூழிலும் வைரம். நாங்கள் குடியிருக்கும் சிஞ்ச்வடில் பவனா ஆற்றங்கரையில் சமாதி கொண்ட மோரயா கோசாவி இந்தத் தெய்வத்தின் பெருந்தொண்டர். சிஞ்ச்வடிலிருந்து ஆண்டுக்கு இரு முறை பல்லக்கு இங்கு வருகிறது. அந்தப் பல்லக்குப் புறப்படும் நாளில் சாலையில் நெரிசல் என்று முணுமுணுத்ததுதான் 17 ஆண்டுகளில் நான் அதைப் பற்றி அறிந்தது.

கதை இது: சிந்து என்னும் அசுரனை அழிக்க விநாயகர் மயில்மேல் ஏறி வந்தார். அசுரனை வென்றபின் மயிலைத் தம்பியாகிய கந்தனுக்குக் கொடுத்துவிட்டார். அர்ச்சகர் சொன்னதை நான் தமிழில் சொன்னதும், தந்தையார் சிறிது யோசித்தார்.

"பழத்தை அண்ணன் எடுத்துக் கொண்டான், மயிலைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். நியாயந்தான்" என்றார்.

பழனிக் கதையை அர்ச்சகருக்கு விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவருக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

கோயில் வாயிலுக்கு வெளியே, மூலவரை நோக்கி ஒரு பெரிய நந்தி படுத்திருக்கிறது. பிள்ளையார் கோயில் எதிரே நந்தி இருப்பது எங்கும் காணாத வழக்கம். அருகிலிருந்த ஒரு சிவாலயத்துக்காக அதைக் கொண்டு சென்றார்களாம். வழியில் இங்கே இளைப்பாறியது. பிறகு எவ்வளவு முயன்றும் எழ மறுத்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டார்கள். தந்தையார் அந்த நந்தியின் நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதன் கழுத்து மணியையும் திமிலையும், மாடு வாங்கப் போனவர் பார்ப்பது போலத் தடவிப் பார்த்தார்.

"அந்தச் சிவன் கோயிலுக்கு வேறு நந்தி செய்து வைத்தார்களா என்று கேள்" என்றார்.

கேட்டேன். அர்ச்சகர் வாய்விட்டுச் சிரித்து, இத்தனை ஆண்டுகளில் யாரும் தம்மிடம் இதைக் கேட்டதில்லை என்றார். தந்தையார் சிரிக்கவில்லை.

ஜேஜுரி, சாஸ்வட் வழியாகத் திரும்பினோம். ஜேஜுரியில் கண்டோபா மலையின் படிகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். திவே கணவாயில் இறங்கும்போது, மேற்கே சகியாத்திரிப் பக்கம் மேகம் கறுத்து மின்னிற்று. அது இன்னும் ஒரு வாரத்தில் இங்கு வரும் என்று தந்தையார் சொன்னார். ஒன்பது நாளில் வந்தது.

அன்பர்கள் இந்தப் பக்கம் செல்ல விரும்பினால், கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். நாங்கள் சென்ற வைகாசியில் செல்ல வேண்டாம். சரணாலயத்துக்குள் விலங்குகளுக்குத் தொந்தரவு இல்லாமல் வனத்துறையார் சொல்லும் வழியிலேயே செல்க. தங்கர்களின் நாய்கள் பொல்லாதவை. ஆள் குரல் கொடுக்குமுன் கிடையை நெருங்கக் கூடாது. முதியவர்களை நிழலில் அமர்த்திவிட்டுப் பத்து நிமிடத்தில் வருவதாகச் சொல்ல வேண்டாம்.

இனி, பெட்டி கிடைக்காத காரணம். அன்றிரவே என் மகள் நான் எழுதிய தாளை எடுத்துச் சரிபார்த்தாள். தீர்க்கரேகையின் கடைசி மூன்று இலக்கங்கள் 315. நான் 513 என்று எழுதியிருக்கிறேன். ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்த அட்சரேகையில் ஏறத்தாழ 1.76 மீட்டர். ஆகவே 198 பங்கு பிழைக்கு 350 மீட்டர். அவ்வளவு தூரம் தள்ளி, வேறொரு மரத்தடியில், வேறு கற்களைப் புரட்டியிருக்கிறோம். கணக்கைக் கரும்பலகையில் எழுதுவது போல் ஒரு தாளில் எழுதி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். கருங்கம்பளி அவளுடைய பேனாப் பெட்டியில் இருக்கிறது. பள்ளியில் ஆட்டு நாற்றம் அடிக்கிறது என்று தோழிகள் சொல்லுகிறார்களாம்.

ஆடி பிறந்துவிட்டது. பயணச்சீட்டைப் பற்றித் தந்தையார் இதுவரை கேட்கவில்லை. தங்கர்கள் கொங்கணத்துக்கு எப்பொழுது புறப்படுவார்கள் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். தீபாவளிக்குப் பிறகு என்றேன். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வர வேண்டும் என்கிறார். மோர்ப் புட்டியை வண்டியில் முதலில் வைக்க வேண்டும் என்று என் மனைவியிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.